ஊர் மானத்துக்காக முப்பத்தேழு விண்ணப்பங்கள்

கணக்கில் நாற்பத்தொரு மார்க்கு வாங்கியவன் ஊருக்குப் புள்ளிவிவரம் சொல்லக் கூடாது. இது எனக்குப் பதினேழாவது வயதிலேயே தெரிந்திருந்தால், எங்கள் சங்கரன்கோவில் ஆட்டுத் தரகர் மாடசாமி அண்ணாச்சி கல்லூரி மாணவராகும் நிலைக்குப் போயிருக்க மாட்டார்.

ஐம்பதுகளின் தொடக்கம். எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டேன் (தமிழும் சரித்திரமும் கைகொடுத்தன, கணக்கு போனால் போகிறது என்று விட்டது). அடுத்து இன்டர்மீடியட் படிக்க வேண்டும். அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார், பேசினால் அதோடு முடிந்தது.

"காலேஜுல இடம் கிடைச்சாப் போ. கிடைக்கலேன்னா ராயகிரி மாமா மில்லுல போய் உக்காரு. அடுத்த வருசம் பாப்போம்ங்கிற பேச்செல்லாம் கிடையாது."

மாமாவின் அரிசி மில்லில் ஒருமுறை அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். தவிட்டுத் தூசியில் மூன்று நாள் தும்மினேன். போதாதற்கு மாமா தினமும் எனக்குப் புத்தி சொல்லுவார். ஆகவே கல்லூரியில் எனக்கு ஓர் இடம் வேண்டும். எப்படியாவது வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கம் இருந்த ஒரு கல்லூரிக்கு விண்ணப்பத் தாள் கேட்டு எழுதினேன். (பெயர் வேண்டாம். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.) கூடப் படித்த செல்லையா மதுரையில் ஒரு கல்லூரிக்கு எழுதினான். இருவருக்கும் ஒரே நாளில் தபால் வந்தது. இரண்டு தாளிலும் மேல் மூலையில் சிவப்பு மையில் ஓர் எண் இருந்தது. செல்லையாவின் எண் எண்ணூற்றுப் பன்னிரண்டு. என்னுடையது பதினொன்று.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த காபி கிளப்பில் என் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டேன். மதுரைக் கல்லூரியை எண்ணூற்றுச் சொச்சம் பேர் விரும்புகிறார்கள். நம் ஜில்லாக் கல்லூரியைச் சீந்த ஆளில்லை, மொத்தமே பதினோரு பேர். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். பதினோரு பேர்தான் போட்டி என்றால் நாற்பத்தொரு மார்க்கும் தங்கம்தானே. அந்த மட்டில் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

காபியை ஆற்றிக்கொண்டிருந்த மாடசாமி அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். வயது நாற்பத்தைந்து. படிப்பு மூன்றாம் வகுப்பு. திருநெல்வேலி ஜில்லாவை யாராவது குறைத்துப் பேசினால் தன்னைப் பேசியதாகவே எடுத்துக்கொள்வார்.

"ஏலே நாயகம், என்ன சொல்லுத? மதுரைக்காரனுக்கு எண்ணூறு, நமக்குப் பதினொண்ணா?"

"நானா சொல்லுதேன் அண்ணாச்சி? நம்பர் சொல்லுது."

"நாளைக்கு மதுரைச் சந்தையில ஒருத்தன் கேட்டா என்னத்தச் சொல்ல? அசிங்கமால்லா இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "எம் பேருக்கு ஒண்ணு போடு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"படிக்கவா போறேன்? நம்பர் ஏறட்டும்லே. ஊர் மானம்."

ஊர் மானம் என்ற சொல் காபி கிளப்பைத் தாண்டிக் கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. டெய்லர் பெயர் கொடுத்தார். சைக்கிள் கடைக்காரர் கொடுத்தார். புளியங்குடியிலிருந்து எலுமிச்சை கொண்டுவந்தவர்கூட, "என்னையும் ஒங்க ஊர்க்காரனா எழுதிக்கிடும் வே" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பத்து நாளில் முப்பத்தேழு பேர்.

அத்தனை விண்ணப்பத்தையும் நானே எழுதினேன் (என் கையெழுத்து அழகாக இருக்கும். கடவுள் எனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்). சான்றிதழைச் சேர வரும்போது காட்டினால் போதும் என்று தாளில் அச்சடித்திருந்தது. எனவே மார்க்கு விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. ஊர் மானத்துக்காகப் போடுகிற விண்ணப்பத்தில் குறைந்த மார்க்கு போட்டால் நன்றாகவா இருக்கும்? டெய்லருக்குச் சரித்திரத்தில் எண்பது. சைக்கிள் கடைக்காரருக்கு விஞ்ஞானத்தில் எண்பத்தைந்து. மாடசாமி அண்ணாச்சிக்குக் கணக்கில் தொண்ணூற்றாறு. "கெடா விலையை மனசுலயே போடுதவன்லே நான், நூறே போடலாம்" என்று அவருக்கு அதிலும் குறைதான். எல்லோருக்கும் வயது பதினேழு. என்னுடைய தாளில் மட்டும் உண்மையை எழுதினேன்.

கல்லூரியிலிருந்து அவர்களுக்கு வந்த தாள்களில் எண்கள் பன்னிரண்டிலிருந்து நாற்பத்தெட்டு வரை வரிசையாக இருந்தன. இடையில் ஒன்றுகூட வேறு ஊருக்குப் போகவில்லை. பச்சைப்பிள்ளைக்கும் சந்தேகம் வந்திருக்கும். நானோ, "பாத்தீகளா, நம்ம ஊரை விட்டா ஜில்லாவுல ஒருத்தனும் கேக்கலை" என்று மறுபடியும் காபி கிளப்பில் விளக்கம் சொன்னேன்.

தேர்வானவர்கள் பட்டியலைக் கல்லூரியில் ஒட்டுகிற நாளன்று அப்பாவும் நானும் போனோம். பட்டியல் தாலுகா தாலுகாவாக இருந்தது. சங்கரன்கோவில் தாலுகாவுக்கு ஐந்து பெயர்கள். முதல் பெயர் ஆ. மாடசாமி. அடுத்தது டெய்லர். என் பெயர் எங்கும் இல்லை.

"யாருலே இது? நம்ம ஆட்டுத் தரகன் பேர் மாதிரில்லா இருக்கு" என்றார் அப்பா. நான் கூரையைப் பார்த்தேன்.

உள்ளே இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். பொறுமையாக விளக்கினார். "நம்பரு தாலுகாவுக்குத் தனித்தனி தம்பி. அம்பாசமுத்திரம் முந்நூறைத் தாண்டிட்டு. ஒங்க தாலுகாவுக்கு அஞ்சு இடம். எப்பவும் பத்துப் பேருதான் போடுவாக. இந்த வருசம் என்னமோ அடிச்சுப் பிடிச்சு வந்திருக்காக. அத்தனை பேரும் நல்ல மார்க்கு. கையெழுத்தும் எல்லாருக்கும் ஒண்ணுபோல முத்து முத்தா இருக்கு. யாரு தம்பி ஒங்க வாத்தியாரு?"

நான் நாற்பத்திரண்டாவது இடத்தில் இருந்தேன். அந்த ஐந்து பேர் சேராவிட்டால் அடுத்த ஐந்து பேருக்குக் கார்டு போடுவார்கள். ஒரு வாரத் தவணை. அதன்பிறகு அடுத்த ஐந்து பேர். என் முறை வரும்போது கால் பரீட்சையே முடிந்திருக்கும். எனக்கு மட்டுமா, நிஜமாகப் படிக்க நினைத்த மற்றப் பத்துப் பையன்களுக்கும் சேர்த்துக் குழி வெட்டியிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "ராயகிரிக்குப் போக வெள்ளிக்கிழமை நல்ல நாள்" என்றார்.

நேராக மாடசாமி அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். கல்லூரியிலிருந்து அவருக்குக் கார்டு வந்துவிட்டது. அவர் மனைவி அதற்குக் குங்குமம் வைத்து, கோமதியம்மன் படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தார். இடத்தை விட்டுவிடுவதாக எழுதித் தரும்படி கேட்டேன்; அவர் தந்தால் மற்றவர்களும் தந்துவிடுவார்கள். அண்ணாச்சி முகம் வாடிவிட்டது.

"எங்க வம்சத்துலயே காலேஜுலருந்து கடுதாசி வந்தது எனக்குத்தான்லே" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன். அவர் பதறிப்போனார்.

"ஏ மக்கா, அழாத. எழுதிக் குடுக்க நமக்கு எங்க வருது? நாளைக்கு நானே வாரேன்."

மறுநாள் கஞ்சி போட்ட வேட்டியும் பெரிய மீசையுமாக அண்ணாச்சி பிரின்ஸ்பால் முன்னால் நின்றார். பக்கத்தில் நான். பிரின்ஸ்பால் விண்ணப்பத்தைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், மறுபடியும் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"வயது பதினேழா?"

"வெயில்ல அலையுத தொழிலு சாமி. அதான் நரைச்சிட்டு."

பிரின்ஸ்பால் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டுத் தாள்களை வரவழைத்து மேஜையில் பரப்பினார். எல்லாம் ஒரே கை. "யார் எழுதியது?" என்றார். மில்லாவது பரவாயில்லை, போலீஸ் என்று முடிவே செய்துவிட்டேன். "நான்தான் சார்" என்றேன்.

"எதற்காக?"

அண்ணாச்சிதான் பதில் சொன்னார்.

"இவன் மேல தப்பில்லை சாமி. மதுரைக்கு எண்ணூறு பேருன்னான். நமக்குப் பதினொண்ணு. மனசு பொறுக்கலை. எங்க முப்பத்தேழு பேருக்கும் இடம் வேண்டாம். இந்தப் பிள்ளை படிக்கணும்."

பிரின்ஸ்பால் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது.

"மதுரைக்கு எண்ணூறா? நமக்கு எல்லாத் தாலுகாவும் சேர்த்து எவ்வளவு தெரியுமா? ஆயிரத்து நூறு!"

"அப்படிப் போடுங்க சாமி!" என்று அண்ணாச்சி தொடையில் ஓங்கித் தட்டினார். வெளியே குமாஸ்தா எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு பிரின்ஸ்பாலால் கோபத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியவில்லை. என்னை மட்டும் கால் மணி நேரம் திட்டினார். முப்பத்தேழு தாள்களையும் தனியே எடுத்துக் கட்டினார். மிச்சமிருந்த பதினோரு பேருக்குப் புதிதாகப் பட்டியல் போடச் சொன்னார். அதில் நான் ஐந்தாவது. குமாஸ்தா என் பெயரை எழுதுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வராந்தாவில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். அவ்வளவு இனிப்பான தண்ணீரை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.

கிளம்பும்போது அண்ணாச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தக் கார்டை மட்டும் நான் வச்சிக்கிடலாமா சாமி?" பிரின்ஸ்பால் தலையை ஆட்டினார். ஊருக்கு வந்ததும் அண்ணாச்சி அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

நான் இன்டர்மீடியட் முடித்து, பி.ஏ. முடித்து, வாத்தியாராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன் (கணக்கு வாத்தியார் அல்ல, பயப்பட வேண்டாம்). என் படிப்பைப் பற்றி வீட்டில் கொஞ்சம் பீற்றினால் போதும். "முதல் இடம் வாங்கின அண்ணாச்சியே சும்மா இருந்தாக, நீங்க என்னத்துக்குத் துள்ளுதீக?" என்பாள் என் மனைவி. பிள்ளைகளும் அதையே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் வீட்டுக் கல்யாணங்களுக்கு நான் போகாமல் இருப்பதில்லை. போன உடனே பேரன் என் கையைப் பிடித்துச் சம்பந்திகள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவான். "எங்க தாத்தா காலேஜ் சீட்டை விட்டுக் குடுத்தாகல்லா, அது இவுகளுக்குத்தான்" என்பான். அவர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் கையெடுத்துக் கும்பிடுவேன்; அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.