மாப்பிள்ளையின் எலிகளும் என் மனைவியும்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதும் மடல். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்குவதுதான் முறை. இன்று அதில் முதல் சொல்லை எழுதப் பேனா ஒத்துழைக்க மறுக்கிறது. ஆகவே, நான் மட்டும் நலம். நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதம் உங்கள் அத்தையைப் பற்றியது. தயவுசெய்து இதை என் மகளிடம் காட்ட வேண்டாம். காட்டினால் அடுத்த வண்டியைப் பிடித்து வந்துவிடுவாள், வந்து முதலில் என்னைத்தான் பிடிப்பாள்.

விஷயம் இதுதான். உங்கள் அத்தை இப்போதெல்லாம் என்னோடு சண்டை போடுவதில்லை. நான் வேலை பார்க்கிற பெயிண்ட் கடை முதலாளியிடம் இதைச் சொன்னேன். "கொடுத்து வெச்ச மனுஷன்யா நீ" என்று சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்? போன வாரம் வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு, அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி பக்கத்திலேயே நின்றேன். ஹோட்டல் சலவைப் பிரிவில் காலமெல்லாம் உழைத்தவள் அவள். கட்டிலில் ஈரத் துண்டு கிடந்தால் வீடு இரண்டாகும். அன்று பேசாமல் எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, ஜன்னலோர நாற்காலிக்குப் போய்விட்டாள். அங்கேயே உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்கிறாள். அந்தச் சுவருக்கு நிறம் கலந்து கொடுத்தவன் நான்தான், இருந்தாலும் சொல்கிறேன், அவ்வளவு நேரம் பார்க்கிற மாதிரி அதில் ஒன்றுமே இல்லை. காரணம் என்னவென்றும் தெரியவில்லை. காரணம் என்று ஒன்று இருந்தால் அதன் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். டாக்டரிடம் போகலாமா என்றால், "எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்கிறாள். உண்மையைச் சொல்கிறேன் மாப்பிள்ளை, அவள் அப்படிச் சொல்லும்போது எனக்கும் உள்ளூர ஒரு நிம்மதி. டாக்டர் வாயிலிருந்து என்ன வருமோ என்று எனக்கும் பயம்தான்.

இந்த நேரத்தில்தான் நீங்கள் போனில் உங்கள் ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சொன்னீர்கள். மனச்சோர்வு வந்த சிலருக்கு மூளையில் அழற்சி, அதாவது ஒருவகை வீக்கம், இருக்கலாம், மஞ்சளிலும் திராட்சையிலும் தேயிலையிலும் கீரையிலும் உள்ள சில பொருட்கள் அந்த அழற்சியைத் தணிக்கக்கூடும், எலிகளிடம் பார்த்திருக்கிறோம், மனிதர்கள் விஷயத்தில் இன்னும் அடித்துச் சொல்ல முடியாது, எதுவானாலும் டாக்டருக்கு ஈடாகாது என்று பொறுமையாக விளக்கினீர்கள். நான் "தணிக்கக்கூடும்" வரைக்கும்தான் கேட்டேன். மிச்சத்தை நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

முதலில் அழற்சி எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? மத்தியானம் அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, இஞ்ச் டேப்பால் தலையைச் சுற்றி அளந்தேன். முழித்துக்கொண்டாள். "என்ன பண்றீங்க?" என்றாள். "உனக்கு ஒரு தொப்பி வாங்கலாம்னு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். சொன்ன பாவத்துக்கு வாங்கியும் வந்தேன். வெயிலே படாத வீட்டுக்குள் அந்தத் தொப்பியை மறுப்புச் சொல்லாமல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய ஆளாக இருந்தால் அது என் தலையில் கவிழ்ந்திருக்கும்.

அடுத்து உங்கள் சர்க்கரைத் தண்ணீர்ச் சோதனை. சோர்ந்துபோன எலி முன்னால் வெறும் தண்ணீரையும் சர்க்கரைத் தண்ணீரையும் வைத்தால், இனிப்பை அது நாடாது என்றீர்களே! அவள் முன்னாலும் இரண்டு டம்ளர் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். இரண்டையும் ஒரு வாய் பார்த்துவிட்டு வெறும் தண்ணீரைக் குடித்தாள். மறுநாளும் அதுவேதான். நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டி, நடுராத்திரியில் உங்களுக்குப் போன் அடிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். அப்புறம்தான் அவளுக்குச் சர்க்கரை வியாதி இருப்பது நினைவுக்கு வந்தது. எலியைத் தண்ணீரில் விட்டு எவ்வளவு நேரம் நீந்துகிறது என்று பார்க்கிற சோதனை ஒன்றும் சொன்னீர்கள். அதை நான் தொடவே இல்லை. எலிக்கு மருமகன் கிடையாது, கேட்க நாதி இல்லை. இவளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

பிறகு வைத்தியத்துக்கு வந்தேன். செடிகளின் கருஞ்சிவப்பு, ஊதா எல்லாம் இந்தப் பொருட்களில் ஒரு வகையால் வருவதுதான் என்று சொன்னீர்கள் அல்லவா, அது ஒன்று போதாதா எனக்கு? நிறம் என்றால் நான் யாரிடமும் யோசனை கேட்க வேண்டியதில்லை. கடையில் வாடிக்கையாளர் ஒரு துணித்துண்டைக் காட்டினால் அதே நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகக் கலப்பவன் நான். சமையலறையையும் கடையாக்கினேன். ஊதா முட்டைகோஸ், பீட்ரூட், கறுப்புத் திராட்சை, கீரை, மஞ்சள் எல்லாம் வந்து இறங்கின. நிறம் அடர்த்தியானால் குணமும் அடர்த்தி என்பது என் கணக்கு. ருசி என்ற ஒன்று இருப்பதே மறந்துபோனது. முட்டைகோஸ் சூப்பில் கொஞ்சம் சமையல் சோடா விழுந்ததும் அது நீலமாக மாறியது பாருங்கள், நாங்கள் படுக்கையறைக்குக் கலப்போமே, அந்த நீலம்! பெருமையோடு கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். அவள் நீல சூப்பை ஒரு கரண்டி விடாமல் குடித்து முடித்தாள். ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்கவில்லை. பாத்திரத்தில் இருந்த மிச்சத்தை நான் வாயில் வைத்துப் பார்த்தேன், சவர்க்காரம் தோற்றுவிடும். அதை மடமடவென்று குடித்திருக்கிறாள், மாப்பிள்ளை. அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். வெங்காயம்கூட நறுக்கவில்லை அன்றைக்கு.

வெள்ளிக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அரைத்த மஞ்சளைத் துணியில் கட்டி, வடியட்டும் என்று பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டேன். கீழ்வீட்டில் ஒரு நர்ஸம்மா இருக்கிறார். அவருடைய வெள்ளைச் சீருடை நேர் கீழே காய்ந்துகொண்டிருந்தது. அந்தம்மா அதைத் தூக்கிக்கொண்டு, "இங்க மனுஷங்க குடியிருக்கோமா இல்லையா? நான் டூட்டிக்கு எதைப் போட்டுக்கிட்டுப் போறது?" என்று மாடி அதிரக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அத்தை நாற்காலியை விட்டு எழுந்தாள். சீருடையைக் கையில் வாங்கினாள். "மஞ்சள்தானே. சோப்பு போட்டு நல்ல வெயில்ல போட்டா தானா வெளுத்துடும்" என்றாள். ஒரு வாரத்துக்கு அவள் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு நீளம் வராது! அவளே துவைத்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோனாள். நர்ஸம்மாவும் கூடவே போய், அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்தவருக்குக் கோபம் இறங்கியிருந்தது. "ஐயா, இது சூப்பு வெச்சுச் சரியாகிற சமாச்சாரம் இல்ல. எங்க ஆஸ்பத்திரியில நல்ல டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க, நான் சொல்லி வெக்கிறேன், அக்காவைக் கூட்டிட்டு வாங்க" என்றார். எங்கள் மாப்பிள்ளையே விஞ்ஞானி என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

அதனால்தான் இந்த அவசரக் கடிதம். கீரையும் கோஸும் நிதானமாக வேலை செய்கிற சாதி போலிருக்கிறது. உங்கள் எலிகளுக்குக் கொடுக்கிற அந்தச் சாரத்தையே, பொடியோ மாத்திரையோ, கொஞ்சம் அனுப்பிவையுங்கள். எலியின் எடைக்கு இவ்வளவு என்றால் உங்கள் அத்தையின் எடைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு எழுதுங்கள். எடையை நான் இங்கே எழுத மாட்டேன், எனக்கும் உயிர் மேல் ஆசை உண்டு. சர்க்கரை மாத்திரையோடு ஒத்துக்கொள்ளுமா என்றும் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் எலிகள் குணமானால் முதலில் என்ன செய்யும்? எதைப் பார்த்து, ஆகா, திரும்பி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வீர்கள்? நான் தினமும் அவள் முகத்தையே பார்க்கிறேன். எதைத் தேட வேண்டும் என்றுதான் தெரியவில்லை. இந்த வீட்டில் அவள் இருக்கும்போதே அவள் இல்லாத மாதிரி இருக்கிறது. எனக்கு அது தாங்கவில்லை.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. கை நிறைய வேலையும், வயிறு நிறையச் சாப்பாடும், வாய் நிறையச் சண்டையுமாக நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும். எலிகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: உறை எடுக்க உள்ளே போய் வந்தேன். வந்து பார்த்தால் உங்கள் அத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்து, "யாரு எலி?" என்றாள். நான் என்னென்னவோ உளறினேன். "வெளியூர்ல இருக்கிற மாப்பிள்ளைக்கு இவ்வளவு எழுதத் தெரியுது. தலையை அளந்தீங்க, தண்ணி வெச்சீங்க. எப்படி இருக்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன், கேட்கவே இல்லை. கீழே உட்கார்ந்து, "எப்படி இருக்க?" என்று கேட்டேன். "நல்லா இல்லைங்க" என்றாள். பிறகு விளக்குப் போடும் நேரம் வரை பேசினாள். எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன். காலையில் எழுந்திருப்பதே மலையாக இருக்கிறதாம். சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று நினைத்துச் சொல்லாமல் இருந்தாளாம். நான் உடைந்துதான் போனேன், ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. நர்ஸம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். நாளை டாக்டரம்மாவைப் பார்க்க இருவருமாகப் போகிறோம். ஆகவே பொடி வேண்டாம், கணக்கு வேண்டாம், மேலே எழுதியது எதற்கும் பதில் வேண்டாம். மகளிடம் காட்ட வேண்டாம் என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள். உங்கள் அத்தை ஒன்றே ஒன்று எழுதச் சொல்கிறாள். "நம்ம பொண்ணு கொஞ்ச நாளா போன்ல, நான் கேக்கிறதுக்கு முன்னாடியே நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்கிறா. அது நான் சொல்ற மாதிரியே இருக்கு." மாப்பிள்ளை, இன்று சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். முதலில் சொல்கிற பதிலை மட்டும் நம்பி எழுந்துவிடாதீர்கள்.