சுபேதார் அருணகிரி மாத்திரை விழுங்க ஓர் உத்தரவு வேண்டும்

திருவண்ணாமலை,
14-3-1983

என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய மாமா, கௌரவ கேப்டன் ஆதிமூலம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கை மகன் பரசுராமன் இங்கிருந்தே கை கூப்பி எழுதிக்கொள்வது. அருணாசலேஸ்வரர் புண்ணியத்தில் நான் நலம். அங்கே அத்தையின் மூட்டுவலி, கறவை மாடு, மேற்கு வயல் எல்லாம் நலமா என்று அறிய ஆவல். என்னைத் தவிர இங்கே யாருடைய நலத்துக்கும் நான் உத்தரவாதம் தர முடியாத நிலையில் இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

சென்ற ஆவணியில், கணியம்பாடி வீட்டுக் கூடத்தில் வைத்து நீங்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "டேய் பரசு, அவங்கெல்லாம் மிலிட்டரிக்காரங்கடா. ஒரு தபா சொன்னா போதும், ரெண்டாவது தபா சொல்ற வேலையே கெடையாது" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் போளூர் மருந்துக்கடையை விட்டுவிட்டு, செங்கம் சாலையில் இருக்கும் இந்த முன்னாள் படைவீரர் சங்க இலவச மருந்தகத்தில் மருந்தாளுநராகச் சேர்ந்தேன். டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார், சீட்டு எழுதுகிறார், போய்விடுகிறார். அதன் பிறகு ஒவ்வொருவரையும் எதிரே உட்காரவைத்து, இந்த மாத்திரை எதற்கு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, இது அதோடு சண்டை போடுமா என்று பார்த்துச் சொல்லி, இரத்தக் கொதிப்பை அளந்து நோட்டில் எழுதி, அளவைக் கூட்டவோ குறைக்கவோ டாக்டரிடம் எடுத்துச் சொல்வது என் வேலை. இதற்காகத்தான் மதராஸில் இரண்டு வருஷம் படித்தேன். இங்கே என்னைக் 'கம்பவுண்டர் தம்பி' என்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன் மாமா.

எதிரே உட்காரவைத்து என்று எழுதினேன் அல்லவா, அதுவே நடக்கவில்லை. ஒருவரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள். நோயாளிகள் வந்த வரிசைப்படி வருவதில்லை, பதவி வரிசைப்படி வருகிறார்கள். ஹவில்தாருக்குத் தும்மல் என்றாலும் அவர்தான் முன்னால், சிப்பாய்க்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் என்றாலும் அவர் பின்னால். சிப்பாய் கருப்பன் என்பவர் போன கார்த்திகையில் விறைப்பாக நின்றபடியே மயங்கிவிட்டார். விழக்கூட இல்லை, முன்னும் பின்னும் நின்ற இருவர் தாங்கிக்கொண்டு அப்படியே வரிசையில் நகர்த்தி வந்தார்கள். முறை வந்ததும் என் முன்னால் நிறுத்தி, "கருப்பன் ஆஜர், கம்பவுண்டர் தம்பி" என்று அவருக்காக இன்னொருவர் சல்யூட் அடித்தார்.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய பூதம் பிறகுதான் கிளம்பியது. மூன்றாம் மாதம் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் எல்லாம் தலைகீழாக இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்கும் கருப்பனுக்குச் சர்க்கரை ஏறுகிறது. முழங்கால் வலிக்கு மட்டும் வாங்கும் ஹவில்தார் சகாதேவனுக்குச் சர்க்கரை இறங்கி, தேரடித் தெரு நடுவில் உட்கார்ந்துவிட, செங்கம் பஸ் கால் மணி நேரம் நின்றிருக்கிறது. ஆஸ்துமாக்காரருக்குப் பூச்சி விழுகிறது. டாக்டர் அளவைக் கூட்டினார், குறைத்தார், கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "இன்னாய்யா இது, நான் படிச்ச எந்தப் புஸ்தகத்துலயும் இந்த ஊரு இல்லியே" என்றார். நான் மருந்தைக் கைமாற்றிக் கொடுக்கிறேனோ என்று அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எதிரிக்குக்கூட வரக்கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை அளவுக் குவளையைக் கழுவக் கொல்லைப்புறம் போனேன். புளியமரத்தடியில் ஒரு கம்பளி விரித்திருக்கிறது. அதன்மேல் அன்றைக்கு நான் பார்த்துப் பார்த்துக் கொடுத்த அத்தனை மாத்திரையும் கொட்டிக் கிடக்கிறது, வெள்ளை, மஞ்சள், ரோஸ், எல்லாம் ஒரே குவியலாக. சுற்றிலும் நாற்பத்தொரு பேர் சம்மணமிட்டிருக்கிறார்கள். சகாதேவன் ஒரு தகரக் குவளையால் அள்ளி அள்ளி ஆளுக்கு ஒரு பங்கு போடுகிறார். கண் களிம்பை ஆளுக்கு அரை விரல் நீளம் புரச இலையில் பிதுக்கியாகிவிட்டது. இருமல் மருந்து ஒரு மூடி வீதம் வரிசையில் போய்க்கொண்டிருக்கிறது. தலைமாட்டில் நாற்காலி போட்டுக்கொண்டு மேற்பார்வை செய்தவர் சுபேதார் அருணகிரி, வேங்கிக்காலில் புதிதாக வீடு கட்டிக்கொண்டு இருக்கிறாரே, அந்தப் பெரியவர்தான்.

"ஐயா, இது இன்னாங்க?" என்றேன்.

"பங்கு" என்றார் சுபேதார். "கருப்பனுக்குத் தொண்ணூறு மாத்திரை குடுக்கிற, சகாதேவனுக்குப் பத்து குடுக்கிற. இன்னா நியாயம் அது? அவன் சண்டைக்குப் போவலியா? தம்பி, ராஷன்றது யூனிட்டுக்கு வர்றது. ஆளுக்குத் தனியா வர்றது கடுதாசி மட்டுந்தான்."

அறுபத்திரண்டு சீனச் சண்டையில், எல்லையில் நேஃபா மலைப் பனியில் பதினோரு பேர் ஒரே ஒரு டின் பாலை ஆளுக்கு ஒரு ஸ்பூன் என்று நான்கு நாள் பங்கு போட்டுக் குடித்து உயிரோடு திரும்பினார்களாம். பங்கு வைத்தவர் இவர்தானாம். அன்றுமுதல் கையில் எது வந்தாலும் பங்கு வைக்காமல் வாயில் போடுவதில்லை என்று விரதம். கேட்கும்போது எனக்கே கை கூப்பத் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் டின் பால் வேறு, சர்க்கரை நோய் மாத்திரை வேறு என்று ஒரு மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். நாற்பத்தொரு பேரும் எழுந்து விறைப்பாக நின்று கேட்டார்கள். முடித்ததும் சகாதேவன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. உங்க ரேங்க் இன்னா?"

எனக்கு ஏது ரேங்க்? டிப்ளமா இருக்கிறது என்றேன். அது சிவிலியனுக்கு என்றார்கள். சிவிலியன் சொல்லிப் படைவீரன் ஒரு காரியம் செய்வது வழக்கத்திலேயே இல்லையாம். பிறகு அவர்களே இரக்கப்பட்டு மரத்தடியில் கூட்டம் போட்டு, என்னைச் சிப்பாய்க்கு ஒரு படி மேலே, சம்பளமில்லாத தற்காலிக லான்ஸ் நாயக் ஆக்கினார்கள். சுபேதாரின் சம்சாரம் உண்ணாமலை அம்மாள் என் வெள்ளைக் கோட்டின் கையில் ஒரு பட்டை தைத்துக் கொடுத்தார். நீங்கள் சிரிக்கலாம். மறுநாள் காலை நான் கருப்பனைப் பார்த்து, "உன் மாத்திரையை நீயே முழுங்கு" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். முழுங்கினார். சிப்பாய்கள் அத்தனை பேரும் முழுங்கினார்கள். இரண்டே வாரத்தில் கருப்பனுக்குச் சர்க்கரை இறங்கி, டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆனால் லான்ஸ் நாயக் சொல்லி நாயக் கேட்பாரா, ஹவில்தார் கேட்பாரா? அவர்கள் அவர்களுக்குள் தொடர்ந்து பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். தை மாதம் ஒரு குரங்கு டானிக் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓட்டின்மேல் ஏறிவிட, நான் ஏணி போட்டு ஏறி மீட்டு வந்தேன். அந்த வீரச்செயலுக்காக இரண்டு படி ஒரேயடியாக உயர்த்தி ஹவில்தார் ஆக்கினார்கள். முழங்கை சிராய்த்தது எனக்கு. பலன் சகாதேவனுக்கு. அவர் இப்போது தேரடித் தெருவில் தடுமாறாமல் நடக்கிறார்.

மிச்சம் ஒரே ஒருவர். சுபேதார் அருணகிரி. மாமா, அவருடைய இரத்தக் கொதிப்பு இருநூற்றுப் பத்து. மருந்தகத்திலேயே மிக அவசரமாக மாத்திரை விழுங்க வேண்டியவர் அவர், விழுங்காத ஒரே ஆளும் அவர். ஹவில்தார் சொல்லிச் சுபேதார் கேட்பது நடக்கிற காரியமா? மாதம் முப்பது மாத்திரை வாங்குகிறார், வாசல் தாண்டியதும் முப்பதையும் 'நம்ம பிள்ளைங்க' என்று சிப்பாய்களுக்குப் பங்கு வைத்துவிடுகிறார். பெரியவர் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குத் தைரியமில்லை. வாங்கிக்கொண்டு கொல்லைப்புற வழியாக வந்து என்னிடம் திருப்பித் தருகிறார்கள். நான் மறுபடியும் சுபேதாரிடம் கொடுக்கிறேன். அதே முப்பது மாத்திரை மூன்று வாரமாக மருந்தகத்தைக் கிரிவலம் வருகிறது. ஒன்றுகூடத் தேயவில்லை.

உண்ணாமலை அம்மாள் என்னிடம் தனியாக வாங்கிப் போன மாத்திரையைக் கீரைக் கூட்டில் பொடித்துக் கலந்து பார்த்தார். அன்றைக்கென்று பார்த்துக் கூட்டு பிரமாதம் என்று சுபேதார் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிண்ணம் கிண்ணமாக அனுப்பிவிட்டார். வேங்கிக்காலில் அந்த வரிசை முழுக்கப் பகல் மூன்று மணிவரை தூக்கம், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா இருவர் உட்பட. கல்லில் நார் உரித்துவிடலாம் மாமா, இவரிடம் முடியாது. தினம் காலை ஆறு மணிக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீரோடு நிற்கிறேன். "சென்ட்ரி டியூட்டி நல்லா பண்றப்பா" என்று தட்டிக்கொடுத்துவிட்டு வேப்பங்குச்சி ஒடிக்கப் போய்விடுகிறார்.

போன திங்கட்கிழமை அவருக்கு மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. வாசல் கோலத்தின்மேல் நாலைந்து சொட்டு. துண்டால் துடைத்துக்கொண்டு, "இதைவிட ஜாஸ்தி பாத்தாச்சுப்பா" என்றார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். தெருமுனை திரும்பிச் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தால் கை நடுங்குகிறது, கண்ணில் தண்ணீர். அப்பாவுக்கும் இப்படித்தான் மூக்கில் வந்தது, நாங்கள் சூடு என்று வெங்காயம் வைத்தோம், எட்டாம் நாள் போய்விட்டார், உங்களுக்குத் தெரியும். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது எல்லாம் தெரிகிறது, கையில் மாத்திரை இருக்கிறது, அதை ஓர் ஆள் வாயில் போடவைக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தத் தெருவுக்குள் திரும்பும்போது, அவர் கதவைத் திறக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே திரும்புகிறேன்.

ஆகையால் மாமா அவர்கள் பெரிய மனசு பண்ணி, கேப்டன் என்ற முறையில் கையெழுத்தும் முத்திரையும் போட்டு, "சுபேதார் அருணகிரி தன் மாத்திரையைத் தினம் காலை ஆறு மணிக்குத் தானே விழுங்க வேண்டும், யாருக்கும் பங்கு வைக்கக் கூடாது, இது உத்தரவு" என்று ஒரு காகிதம் மறு தபாலில் அனுப்பக் கோருகிறேன். சுபேதாருக்கு மேலே எனக்குத் தெரிந்த ஒரே அதிகாரி நீங்கள்தான். அப்படி உங்களாலும் முடியாது என்றால்

(இங்கே மூன்று வரிகள் கறுப்பு மை பூசி மறைக்கப்பட்டுள்ளன.)

அத்தைக்கு என் வணக்கம். மூட்டுவலிக்கு அத்தை பக்கத்து வீட்டாரின் மாத்திரையை வாங்கிப் போடுவதாக அம்மா எழுதியிருந்தாள், அதை உடனே நிறுத்தச் சொல்லவும். எல்லோருக்கும் அண்ணாமலையார் நீண்ட ஆயுளும் தனித்தனி மாத்திரையும் அருள்வாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பரசுராமன்
ஹவில்தார் (தற்காலிகம், சம்பளமில்லை)

பின்குறிப்பு (வேறு கையெழுத்தில்):

ஆதிமூலம், நான் சுபேதார் அருணகிரி எழுதுகிறேன். நேற்று தபால் ஆபீஸ் பக்கம் போகிறேன் என்றதும் பையன் இந்தக் கடிதத்தை என்னிடமே கொடுத்தான். முகாமிலிருந்து வெளியே போகும் கடிதத்தை மூத்தவன் படித்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. படித்தேன்.

உன் உத்தரவு வேண்டாம். நீ இப்போது கௌரவ கேப்டனாக இருக்கலாம். ஐம்பதாம் வருஷம் நீ ரெக்ரூட்டாக வந்தபோது உனக்கு இடது கால் எது, வலது கால் எது என்று காட்டியவன் நான். உன் காகிதம் என்னிடம் செல்லாது. வேலையை விட்டுவிட்டுப் போளூருக்கே திரும்பிப் போகிறேன் என்று மூன்று வரி எழுதியிருந்தான். அதை மையால் அழித்துவிட்டேன். ஆளை அனுப்ப மாட்டோம். நீயும் கூப்பிடாதே.

மூன்று வாரமாக இருநூற்றுப் பத்து, மில்லிகிராம், ரூல் என்றுதான் என்னிடம் சொன்னான். கை நடுங்குகிறது என்று சொல்லவில்லை. அவன் அப்பா சங்கதியும் எனக்குத் தெரியாது. உனக்கு எழுதியதை என்னிடம் சொல்லியிருந்தால் இவ்வளவு காகிதம் வீணாகி இருக்காது.

இன்று காலை ஆறு பத்துக்கு மாத்திரையை விழுங்கினேன். சாட்சி உண்ணாமலை. சண்டைக்குப் பிறகு இந்த இருபது வருஷத்தில் யாருக்கும் பங்கு வைக்காமல் நான் வாயில் போட்டது இது ஒன்றுதான். மனசு கேட்கவில்லை. தண்ணீரில் பாதியை அவனைக் குடிக்கவைத்தேன்.