ஒன்றரை மணி அண்ணன்

காலத்தைத் தாண்டும் யந்திரத்தை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலாக்கா காஜா பேராங்கில், எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில், ஜப்பான் காலத்திலேயே அது ஓடியது. ஓட்டியவர் ‘ஒன்றரை மணி’ அண்ணன். போன வாரம் மகன் என்னைச் சினிமாவுக்கு அழைத்துப் போனான். சண்டையில் அடிபட்டு மூளை கலங்கிய சிப்பாய் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போன வருஷத்துக்குப் போகிறான். கொட்டகையே வாய் பிளந்து பார்த்தது. "இதெல்லாம் ஒரு நாற்காலியாடா?" என்று நான் சத்தமாகக் கேட்டதில் முன் வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

அண்ணனுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு; யாருக்கும் அது தேவைப்படவில்லை. வெள்ளைக்காரன் படையில் லாரி ஓட்டியவர். சிங்கப்பூர்ச் சண்டையில் குண்டு விழுந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதன் முத்தையா அங்கேயே போய்விட்டான். அண்ணன் ஒரு காதை இழந்து, தூக்கத்தையும் இழந்து ஊர் திரும்பினார். அதற்குள் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து, எல்லாக் கடிகாரங்களையும் டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளச் சொல்லிவிட்டான். நாங்கள் தள்ளினோம். தலை முக்கியமில்லையா? அண்ணன் மட்டும் தள்ளவில்லை.

"முத்தையா சாகல தம்பி. மணியத் தள்ளுனானுங்கல்ல, நடுவுல ஒன்றரை மணி நேரம் காணாமப் போச்சா இல்லையா? அதுக்குள்ள மாட்டிக்கிட்டான். நானும் தள்ளிட்டா அவன யாரு லா பாத்துக்கிறது?"

 

அப்போது எனக்கு வயது இருபது. பங்கீட்டுக் கடையில் குமாஸ்தா. எட்டு மணிக்குக் கிழங்கு கொடுத்தால் அண்ணன் ஒன்பதரைக்கு வந்து, "என்னப்பா, இன்னும் தொறக்கலையா?" என்பார். கிழங்கு தீர்ந்து நான் கடையைப் பூட்டிக்கொண்டிருப்பேன். பாலத்துக் காவல்காரனுக்கு எல்லோரும் குனிந்து வணக்கம் போட வேண்டும். இவர் போடாமல் போய்ப் பளாரென்று அறை வாங்கினார். வீட்டுக்கு வந்தவர், ஒன்றரை மணி நேரம் கழித்து மெனக்கெட்டுத் திரும்பிப் போய்க் குனிந்தார். காவல் மாறி நின்ற புதியவன் மனம் குளிர்ந்து ஒரு சிகரெட் கொடுத்தான்.

ஆனால் தெருப் பெண்களுக்கு அவர் இல்லாமல் முடியாது. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. டோக்கியோ மணியை நம்பி ஒன்பதுக்குப் பெண் பார்க்கக் கிளம்பியவர்கள், பழைய மணிப்படி சரியாக ராகு காலம் பிறக்கும்போது கிளம்பியிருந்தார்கள். அந்தச் சம்பந்தம் முறிந்ததும் ஊருக்குப் புத்தி வந்தது. அதன் பிறகு, "அண்ணே, நெஜ மணி என்னண்ணே?" என்று ஜன்னலோரம் வந்து ரகசியமாகக் கேட்காத வீடில்லை.

யந்திரம் என்றேனே, அது உடைந்த தையல் மெஷின் மிதி, சைக்கிள் சங்கிலி, பால் டின்கள், கூரை வரை ஏறிய செம்புக் கம்பி, நடுவில் ஒரு நாற்காலி, எதிரே சுவரில் அவர் தள்ளாத அந்தக் கடிகாரம். காணாமல் போன அந்த ஒன்றரை மணிக்குள் போய் முத்தையாவைப் பார்க்க, தினமும் உட்கார்ந்து வியர்க்க வியர்க்க மிதிப்பார். மிதியைக் கொடுத்தவர் பக்கத்துக் கம்போங்கில், தலைமுறை தலைமுறையாக மலாயே பேசி வாழும் மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண்மணி. தமிழ் தெரியாது, "காசியான், காசியான்" என்று மலாயில் பரிதாபப்பட்டே கொடுத்தார்.

கூரைக் கம்பியை யாரோ ரேடியோ என்று போய்ச் சொல்லிவிட்டான். ரேடியோ வைத்திருந்தால் தலை போகும் காலம். ஒரு மத்தியானம் சார்ஜன்ட் ஒருவன் இரண்டு சிப்பாய்களோடு வந்து இறங்கினான். மொழிபெயர்க்க என்னை இழுத்துப் போனார்கள். எனக்குத் தெரிந்த ஜப்பான் மொழியே நாற்பது வார்த்தை. அதில் சரளமாக வருவது ‘அரிசி இல்லை’ மட்டும்.

கலைத்துப் பார்த்தார்கள், ரேடியோ இல்லை. அப்பாடா என்றிருந்தபோது சார்ஜன்ட் கடிகாரத்தைப் பார்த்தான். அவன் கையில் மணி இரண்டு, சுவரில் பன்னிரண்டரை. முகம் சிவந்து, வாளில் கை வைத்து, முள்ளைத் திருப்பச் சொன்னான். "சிநேகிதன், செத்தான், தலை, கெட்டது" என்று நான் உளறியது அவனுக்கு ஏறவில்லை.

"அண்ணே, திருப்பிடுங்கண்ணே!"

"மாட்டேன். முத்தையா உள்ள இருக்கான்."

வாள் பாதி வெளியே வந்துவிட்டது. எப்படித்தான் வாயில் வந்ததோ, "அவன ஏண்ணே அங்கயே விடுறீங்க? முள்ள மெதுவாத் திருப்புங்க, கூடவே அவனையும் கூட்டிட்டு வந்துடுங்க" என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். "வருவானா?"

"நீங்க கூப்பிட்டா வராம எங்க போவான்?"

அண்ணன் முள்ளைத் தொட்டார். அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். "வாடா… பாத்து வா. கீழ பாக்காத. என் கைய விடாத." அவர் முதுகெல்லாம் வேர்வை. சிப்பாய்களும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணி இரண்டானதும் அண்ணன் நாற்காலியில் ஒதுங்கி, பக்கத்தில் பாதி இடம் விட்டு உட்கார்ந்தார். வாள் உறைக்குள் போயிற்று. செம்புக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள்.

என் சாமர்த்தியத்தை ஒரு வாரம் தெருவெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அண்ணன் மறுநாளிலிருந்து கடைக்குச் சரியாக எட்டுக்கு வந்தார், வரிசையில் தனக்கு முன்னால் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார். கிழங்குக்காக ஒருவரையொருவர் இடித்துத் தள்ளும் எங்கள் சனம் அந்த இடத்தில் மட்டும் புகவில்லை.

அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கும் சேதி வந்தது. வெளியூர்த் தோட்டத்தில் தங்கி வேலை பார்த்த என் கூடப்பிறந்த அண்ணன், ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போன இடத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டான். வீட்டில் யாரும் அவன் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் அம்மா தாங்கமாட்டாள். ஒன்றரை மணி அண்ணன் வந்தார், என் எதிரே குந்தினார்.

"தம்பி, எனக்கு இப்பப் பழகிடுச்சு. உங்க அண்ணனையும் போயிக் கூட்டிட்டு வரட்டா? நான் பாத்ததில்லையே, ஆளு எப்படி இருப்பான்?"

அன்று வாளுக்குப் பயந்து நான் சொன்ன பொய்யைத்தான் அவர் எனக்குக் கொண்டுவந்திருந்தார். "போங்கண்ணே" என்று அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. உயரம் சொன்னேன், புருவத்துத் தழும்பைச் சொன்னேன், சிரித்தால் ஒரு கண் மூடிக்கொள்ளும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. சேதி வந்த பிறகு அன்றுதான் முதல்முறை அழுதேன். அவர் குறுக்கே பேசாமல், அடையாளம் மறந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்த மனிதரைப் பைத்தியம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.