புறாப் பரீட்சை

"தவிட்டுப்புறா," என்றார் மாமனார், சற்றும் தயங்காமல்.

பால்கனிக் கம்பியில் இருந்ததோ புள்ளிப்புறா. கறுப்புத் துணியில் வெள்ளை மணி தைத்தாற்போல், பின்கழுத்துப் புள்ளிகள் அத்தனையும் தெரிய, முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தது.

கண்ணாடிக்கடைக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர். சொந்த மாமனாருக்கே பார்வை தேறவில்லை என்றால் கடையைத் திறந்தால் என்ன, மூடினால் என்ன?

மாமனார் கண்புரை ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்கு வந்தவர். வந்த அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளை, பொண்ணு வீட்ல டேரா போடற ஆளில்ல நான். இங்க வர்ற ரெண்டு ஜாதிப் புறாவையும் என்னிக்குப் பிரிச்சுச் சொல்றேனோ, அன்னிக்குப் பையைத் தூக்கிடுவேன்."

அடையாளமும் அவரே சொன்னதுதான். பின்கழுத்தில் புள்ளி இருந்தால் புள்ளிப்புறா. தொண்டைக்குக் கீழே, முன்பக்கம் புள்ளி இருந்தால் சின்னத் தவிட்டுப்புறா. ஆளும் கொஞ்சம் பொடிசு.

கட்டிலடியில் பை தயாராக இருந்தது. மாமியார் போன பிறகு பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குத் திரும்ப மனிதர் இப்படித் தவிக்கிறாரே என்று மருமகனுக்கு நெஞ்சு கனத்தது. பார்வையைச் சரிசெய்து, கௌரவமாக அனுப்பிவைப்பது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்திருந்தது. டாக்டர் ஒரு குறையும் சொல்லவில்லை. புறாவில்தான் பெயிலாகிக்கொண்டிருந்தார் மாமனார்.

மருமகன் முதலில் கண்ணாடியின் லென்ஸை மாற்றினார்.

"இப்ப எப்படி இருக்கு மாமா?"

"கண்ணாடி கழுவிவிட்ட மாதிரி பளிச்சுன்னு இருக்கு மாப்பிள்ளை!"

"அந்தா, அது என்ன?"

"புள்ளிப்புறா."

அது தவிட்டுப்புறா.

தூரம்தான் கோளாறு என்று பால்கனியில் தானியம் இறைத்தார். புறாக்கள் வந்தன. ஒன்றுவிட்ட, ரெண்டுவிட்ட சொந்தங்களையும் கூட்டிக்கொண்டு வந்தன. கீழ்வீட்டுத் தையல்காரம்மா காயப்போட்ட துணியிலெல்லாம் எச்சம். அதைத் தடுக்க வலை கட்டினார். வலைக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட ஒரு புள்ளிப்புறா, வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள் புகுந்து, அலமாரி, மின்விசிறி எல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் மாமனாரின் தோளிலேயே வந்து உட்கார்ந்தது.

மருமகன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இதற்குமேல் பக்கம் ஏது?

"அசையாதீங்க மாமா. இப்பப் பார்த்துச் சொல்லுங்க."

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். கழுத்தைத் திருப்பிப் புறாவை முகத்துக்கு முகம் பார்த்தார்.

"காக்காவா மாப்பிள்ளை?"

கண்ணாடிக்கடைக்காரர் அடுக்களைக்குப் போய் மனைவி முன்னால் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"குருட்டாம்போக்குல அடிச்சாக்கூடப் பாதியாவது சரியா வரணுமேடி! மனுஷன் தப்பித்தவறிக்கூட ஒண்ணைச் சரியாச் சொல்ல மாட்டேங்கறாரே."

"நீங்கதானே கண்ணு பார்க்கத் தெரிஞ்சவரு," என்றாள் அவள், அடுப்பைவிட்டுத் திரும்பாமலே. "நல்லாப் பாருங்க."

அவர் நாளைக்கே பெரிய கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போவது என்று முடிவுகட்டியபோது வாசலில் தையல்காரம்மா நின்றாள். கையில் கறைபட்ட துணி.

"அண்ணே, இந்தப் புறாக் கூத்தை என்னிக்கு நிறுத்தப் போறீங்க? நான் பிழைக்க வேணாமா?"

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. அந்தத் துணிக்கு நான் பொறுப்பு. பெரியவருக்குக் கண்ணு தெளியற வரைக்கும்தான். தெளிஞ்சதும் கிளம்பிடுவாரு, பாவம், அதுக்குத்தான் தவிச்சுக்கிட்டிருக்காரு."

தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருக்குக் கண்ணு தெரியல? தினம் மத்தியானம் கீழ வந்து எனக்கு ஊசியில நூல் கோத்துக் குடுக்கறாரே, அவருக்கா?"

மருமகன் உள்ளே எட்டிப் பார்த்தார். மாமனார் தோளில் புறாவோடு, சுவரைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"நேத்துக்கூட நூலைக் கோத்துக்கிட்டே சொன்னாரு," என்றாள் தையல்காரம்மா, குரலைத் தாழ்த்தி. "'ஒரு புறாவைச் சரியாச் சொல்லித் தொலைச்சேன்னா, அந்த வெறும் வீட்டுக்குப் போயிடணுமேம்மா'ன்னு."