டெஸ்டரும் எங்கள் வீட்டு வீடியோ டெக்கும்

தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் டெஸ்டர் பழுது பார்த்த எந்தப் பொருளும் மறுபடி கெட்டதில்லை. டெஸ்டர் வந்துவிட்டுப் போன எந்தக் குடும்பமும் அதன்பிறகு ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதும் இல்லை.

அவருடைய உண்மைப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன். ஏழாம் மாடியில் தனியாக இருந்தார். முனையை வைத்தால் உள்ளே ஆரஞ்சு விளக்கு எரிந்து மின்சாரம் இருப்பதைக் காட்டுமே, அந்தச் சின்ன டெஸ்டர் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். வேலைக்குப் போகும்போதும் இருக்கும், கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போதும் இருக்கும். குளிக்கும்போது அதை எங்கே வைப்பார் என்று புளோக்கில் இரு தரப்பாகப் பிரிந்து வாதிட்டிருக்கிறோம்.

பொருள் பொய் சொல்லாது, வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்வார்கள் என்பது அவர் கொள்கை. அதனால் எதையும் திறப்பதற்கு முன்னால் வீட்டாரை ஒவ்வொருவராகச் சமையலறைக்குள் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்: "கடைசியா இதுல கை வெச்சது யாரு?"

ஒன்பதாம் மாடியில் ஒரு வீட்டில் தினமும் மதியம் ஃபிரிட்ஜ் நின்றுபோனது. மாலையில் தானாக ஓடும். டெஸ்டர் போனார். ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து பேரையும் விசாரித்துவிட்டுக் கூடத்துக்கு வந்து அறிவித்தார். "ஃபிரிட்ஜ் நல்லா இருக்கு. உங்க மாமனார்தான் ஃபால்ட்டு. மத்தியானம் தூங்கறப்ப சத்தமா இருக்குன்னு சுவிட்ச அணைச்சிடறாரு." மாமனார் அன்று மாலையே ஈசூனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பெட்டியோடு கிளம்பிவிட்டார்.

தொலைக்காட்சி மங்கினால் ஓங்கித் தட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்னா கன்னத்துல ஒண்ணு விடுவீங்களா?" என்று மூன்றாம் மாடி அம்மாளிடம் கேட்டார். அந்த அம்மாள் பதில் சொல்வதற்கு முன் சற்று யோசித்ததை நாங்கள் எல்லாரும் கவனித்தோம்.

சிராங்கூன் சாலைக் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்ததற்கு நானே சாட்சி. முகூர்த்த நேரம். ஒலிபெருக்கி இரைந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். டெஸ்டர் எழுந்து போய், "மைக்க யாரும் தொடாதீங்க, எர்த் இல்ல" என்று சொல்லிவிட்டு மேடைக்கு அடியில் புகுந்தார்.

"யோவ், நல்ல நேரம் போகுதுய்யா," என்று பெண்ணின் அப்பா குனிந்து கெஞ்சினார்.

"நல்ல நேரத்துல ஷாக் அடிச்சா பரவால்லயா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

அந்தக் கல்யாண ஆல்பத்தில், தாலி கட்டும் படத்தில், மேடைக்குக் கீழே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

இப்படிப்பட்டவரை எங்கள் வீட்டுக்குள் விடக் கூடாது என்று நினைக்க எனக்குத் தனிக் காரணம் இருந்தது.

என் மகள் யாழினிக்கு அப்போது பதினாறு வயது. ஓ லெவல் பரீட்சை எழுதும் ஆண்டு. புளோக்குக்குக் கீழே யாரோ வீசிவிட்டுப் போன பழைய வீடியோ டெக்கைத் தூக்கி வந்து, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்றைப் பொருத்தி, அந்தக் காலத்து வீடியோ கேம்கள் ஓடும்படி செய்திருந்தாள். கேசட் போகும் வாயில் ஜாய்ஸ்டிக் செருகும் துளைகள். முன்பு மணி காட்டிய இடத்தில் அவள் பெயர் பச்சை எழுத்தில் ஓடும். வேறொரு தாய் இதைப் பார்த்துப் பூரித்திருப்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம், பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கிறது, பெண் விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான். ஜேசி என்கிற ஜூனியர் காலேஜுக்குப் போக வேண்டும், பிறகு பல்கலைக்கழகம். இதை எத்தனை முறை சொன்னேன் என்று நான் எண்ணவில்லை. அவள் எண்ணியிருப்பாள்.

ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, அவள் பள்ளியில் இருக்கும் நேரத்தில், தையல் மெஷின் ஸ்க்ரூடிரைவரால் டெக்கின் மூடியைக் கழற்றினேன். பச்சையும் மஞ்சளுமாக ஒரு ஒயர் பெட்டியின் தகரத்தோடு ஸ்க்ரூ போட்டு முறுக்கப்பட்டிருந்தது. அதைக் கழற்றினேன். போட்டுப் பார்த்தேன். ஓடியது. சரி, இது ஒன்றுக்கும் உதவாத ஒயர் என்று தீர்மானித்து, அடுத்துச் சிவப்பு ஒயரைத் தளர்த்தினேன். சினிமாவில் வெடிகுண்டை அப்படித்தான் நிறுத்துகிறார்கள். நின்றுவிட்டது. பார்த்தால் தெரியாதபடி அதை இருந்த துளையிலேயே சும்மா நிறுத்திவைத்தேன். பச்சை ஒயரை அடியில் மடித்துச் செருகினேன். அதன் ஸ்க்ரூ ஒன்று கையில் மிஞ்சியது. தையல் மெஷின் இழுப்பறையில் போட்டுவிட்டேன். வேலையைச் சுத்தமாகச் செய்ததாக ஒரு பெருமைகூட வந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பெட்டி நின்றால் புத்தகம் திறக்கும் என்று நம்பினேன். நடந்தது வேறு. விளையாடிய நாட்களில் ஒரு மணி நேரம் அதோடு இருந்தவள், இப்போது பள்ளி விட்டு வந்ததிலிருந்து சாப்பாட்டு நேரம்வரை அதன் முன்னால் குனிந்துகிடந்தாள். மெமரி கார்டை மாற்றினாள். கேபிளை மாற்றினாள். மீட்டரை வைத்து அளந்தாள். அந்தச் சிவப்பு ஒயரை முறுக்கும் ஸ்க்ரூவின் தலையில் வைத்து அளந்ததால் மீட்டர் சரியாகவே காட்டியது.

"அஞ்சு வோல்ட் வருது மா. போர்டுதான் எழுந்திருக்க மாட்டேங்குது."

தோழியிடமிருந்து இன்னொரு போர்டு இரவல் வாங்கி வந்து வைத்தாள். அதுவும் எழவில்லை. இடையில் ஒருநாள், நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, விரலை உதறிக்கொண்டே வந்தாள்.

"மா, பாக்ஸத் தொட்டா சுருக்குங்குது."

"ஒழுங்கா சாப்பிட்டா எல்லாம் சரியாப் போகும்," என்றேன்.

எட்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மாலை, அவளே வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை பாலிடெக்னிக்ல எனக்கு இன்டர்வியூ மா. எலக்ட்ரானிக்ஸ் கோர்ஸ். இதக் காட்டறதா இருந்தேன். கேன்சல் பண்ணிடப் போறேன்."

பாலிடெக்னிக்கில் பரீட்சைக்கு முன்பே, செய்த வேலையைப் பார்த்து இடம் கொடுக்கும் வழி ஒன்று உண்டு. அவளாகவே விண்ணப்பித்திருக்கிறாள். எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஜேசின்னு சொல்வீங்க."

"கேன்சல் ஏன்?"

"ரெண்டு போர்டையும் நானே எரிச்சிட்டேன் போல. என் கை சரியில்ல மா. அங்க கேட்டா என்னத்தச் சொல்றது?"

சொல்லிவிட்டு ரொட்டி வாங்கக் கீழே போனாள். அவள் வருவதற்குள் சிவப்பு ஒயரை எப்படியாவது முறுக்கிவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. மின்தூக்கியில் டெஸ்டரைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள்.

விசாரணை தொடங்கியது. முதலில் என் கணவர். ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"எனக்கு டிவி ரிமோட்டையே தர மாட்டாங்க அண்ணே."

"அது தெரியும்," என்றார் டெஸ்டர். விடுதலையான என் கணவர் நேரே குளிக்கப் போய்விட்டார்.

அடுத்து நான்.

"நான் அது மேல தூசிகூடத் தட்டினதில்ல அண்ணே."

டெஸ்டர் எங்கள் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். பளபளக்கும் அடுப்பு, வரிசையாக நிற்கும் டப்பாக்கள், மடித்துவைத்த துடைக்கும் துணி. "இந்த வீட்லயே நீங்க தூசி தட்டாதது அது ஒண்ணுதான் போல," என்றார்.

பிறகு கூடத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். யாழினியிடம் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்து, நீல டூல் பாக்ஸை எடுத்துவரச் சொன்னார். அவள் போனதும் சிவப்பு ஒயரை இரண்டு விரலால் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. பெட்டியின் உட்புறத்தில் ஓரிடத்தைத் தடவினார்.

"எர்த் மாட்டறதுக்குன்னு எவ்வளவு நீட்டா பெயிண்ட்டச் சுரண்டியிருக்கு பாருங்க. இவ்வளவு பாத்துச் செஞ்ச புள்ள ஸ்க்ரூ போட மறக்காது."

அவர் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து முனையைத் தகரத்தில் வைத்தார். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மெலிதாகத்தான். ஆனால் எரிந்தது.

"பெட்டில கரண்ட் கசியுது. அந்தப் பச்சை ஒயர் இருந்தா அது வழியாப் போயிடும். இல்லன்னா தொடறவங்க வழியாத்தான் போகணும். இப்ப லேசாத்தான் இருக்கு. உள்ள இன்னொரு ஒயர் கழண்டு பட்டிருந்தா இப்படி லேசா இருந்திருக்காது."

"விரல் சுருக்குங்குதுன்னு சொன்னா அண்ணே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒழுங்கா சாப்பிடச் சொன்னேன்."

அவர் சுவிட்சை அணைத்தார். பிளக்கையும் உருவி எடுத்து என் பக்கமாகத் தரையில் வைத்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நிலையிலும் என் வாயில் வந்தது இதுதான்: "அவகிட்டச் சொல்லிடாதீங்க அண்ணே. சும்மா லூஸ் கனெக்ஷன்னு சொல்லிடுங்க."

"சொல்லலாம்," என்றார். "அப்ப லூஸா விட்டது அவதான்னு ஆயிடுமில்ல?"

யாழினி டூல் பாக்ஸோடு வந்தாள். "என்ன ஃபால்ட் அங்கிள்?" என்று கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நடுக் கூடத்தில் மாமனாரைக் காட்டிக்கொடுத்த மனிதர் அவர். ஆனால் அவர் டூல் பாக்ஸை வாங்கிக்கொண்டு, "ஒரு போன் பேசிட்டு வந்துடறேன் லா" என்று வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எழுந்து தையல் மெஷினிடம் போனேன். இழுப்பறையில் பாபினுக்கும் கொக்கிகளுக்கும் நடுவில் அந்த ஸ்க்ரூவைத் தேடி எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன்.

"இது என் எர்த் ஸ்க்ரூ. எங்க இருந்துச்சு?"

"என்கிட்ட."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஸ்க்ரூவையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எத முதல்ல கழட்டினீங்க?"

"பச்சைய."

"அப்புறம் ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"மூடி திறந்திருக்கறப்பவா?"

"ஆமா."

"கைய எங்க வெச்சிருந்தீங்க?"

இதுவும் விசாரணை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எனக்காகப் பயந்துகொண்டிருந்தாள்.

"அப்ப போர்டு ரெண்டும் எரியல," என்றாள்.

"இல்ல."

"என் வேலையில ஒண்ணும் தப்பில்ல."

"ஒண்ணும் தப்பில்லம்மா."

அவள் தன் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். வெகுநேரம் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன். கூப்பிடத் தைரியம் வரவில்லை. காற்றுக்காக வாசல் கதவைத் திறந்தேன். டெஸ்டர் எங்கள் செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில், டூல் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"போன் பேசிட்டீங்களா அண்ணே?"

"போன் வீட்ல சார்ஜ்ல கிடக்கு." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "எர்த் மாட்டாம எப்படிப் போறது?"

குரல் கேட்டு யாழினி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. இரண்டு ஒயரையும் அவளே மாட்டி முறுக்கினாள். டெஸ்டர் முனையைத் தகரத்தில் வைத்தார். எரியவில்லை. அவள் பெயர் மட்டும் பச்சையில் ஓடியது.

வியாழக்கிழமை டெக்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். இன்டர்வியூவில், ஆகக் கஷ்டமான ஃபால்ட் எது என்று கேட்டார்களாம். எர்த் கழன்றிருந்ததைச் சொன்னாளாம்.

"யாரு கழட்டினதுன்னு கேட்டாங்களா?" என்றேன்.

"யூசர்னு சொன்னேன்."

அந்த மாதத்தில் அவள் என்னோடு பேசியதில் அதுவே நீளமான உரையாடல். இடம் கிடைத்த செய்தியைக்கூட அப்பாவிடம்தான் முதலில் சொன்னாள். அதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று நானும் சும்மா இருந்தேன். இன்றைக்கும் ஏதாவது ஒரு சுவிட்சைப் போடும்போது கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.

டெஸ்டர் பிறகு வேலை செய்யும் இடத்துக்குப் பக்கமாகப் பூன் லே வட்டாரத்துக்கு வீடு மாறிவிட்டார். போன மாதம் தேக்கா சந்தையில், நண்டுப் பையோடு நின்றவரைப் பார்த்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "பெட்டி நல்லா ஓடுது அண்ணே," என்று நானே ஆரம்பித்தேன்.

"அது ஓடும் லா. புள்ள பேசுதா?"

"பேசுது அண்ணே. நேத்து சண்டைகூடப் போட்டா."

"அப்ப சரி," என்றார். பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையத்தின் பக்கம் நடந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் தலை மறையும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கூடப் பிறந்த அண்ணன் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிய அன்றுகூட நான் அப்படி நின்றதில்லை.