எதிர் நாற்காலியில் ஒரு வெள்ளை ஹெல்மெட்

ஜோகுபாளையம், அல்சூர்,
பெங்களூரு.
ஞாயிற்றுக்கிழமை.

என் மதிப்பிற்கும் பயத்திற்கும் உரிய அக்கா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை திருமதி ரத்தினம்மாள் அவர்களுக்கு, தம்பி சந்திரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். வாணியம்பாடியில் தாங்களும், முழங்காலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நலமாக இருக்கும் மாமாவும், ஓசூரில் மகள் சிந்துவும் சௌக்கியமாக இருக்க சோமேஸ்வரரை வேண்டுகிறேன். இந்தத் 'தாங்கள்' இந்தப் பத்தியோடு சரி அக்கா, அடுத்த பத்தியிலிருந்து எனக்கு வராது.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை நீ முடித்துவிடுகிறாய். அதுவும் நான் சொல்ல வந்ததற்கு நேர்மாறாக முடிக்கிறாய். கடைசியில் நானும் "ஆமாக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது என்பதால்தான் இத்தனை வருடம் கழித்துத் தாளும் பேனாவும் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். விஷயம் இதுதான். நான் உற்பத்தி மேலாளராக இருக்கும் இந்த பொம்மனஹள்ளி டிபன் கேரியர் தொழிற்சாலையில், எனக்குக் கீழே துணை மேலாளர் வேலைக்கு சிந்துவைத் தலைமை அலுவலகம் தேர்வு செய்திருக்கிறது. நான் சிபாரிசு செய்யவில்லை, ஓசூரில் நாலு வருஷம் வேலை பார்த்த அனுபவத்தில் அவளே வாங்கியது. சேரட்டுமா என்று அவள் உன்னைக் கேட்டாள், நீ என்னைக் கேட்டாய். கேட்டதோடு விட்டாயா? கம்பெனி கொடுத்த விளம்பரத்தில் 'தேவையான திறன்கள்' என்று இருந்ததையெல்லாம் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, "ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தருக" என்று ஓரத்தில் எழுதி, போட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறாய். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு வேர்த்துவிட்டது. விடையை முதலிலேயே எழுதிவிடுகிறேன்: அனுப்பாதே. இனி விளக்கம்.

தலைமைப் பண்பு என்று முதலில் போட்டிருக்கிறான். அப்படியென்றால் எது கெட்டாலும் நான்தான் என்று அர்த்தம். போன மாதம் மூன்றடுக்கு கேரியரில் மூடி மட்டும் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. மூடினால் மூடுகிறது, ஆனால் நடந்தால் கழன்று விழுகிறது. ஒரு கடைக்காரர் எங்கள் கேரியரில் சாம்பார் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போய், அந்தச் சட்டையோடேயே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். கொள்முதல் பிரிவைக் கேட்டால் ஸ்டோர் தப்பு என்றார்கள். ஸ்டோரைக் கேட்டால் பிரஸ் தப்பு என்றார்கள். பிரஸ்காரர்கள், தகட்டை அடித்து வடிவம் கொடுக்கிற அந்த அச்சு இருக்கிறதே, அதன் தப்பு என்றார்கள். அச்சு வாய் திறந்து பேசாது, ஆகவே நான் பேச வேண்டியதாயிற்று. கடைக்காரரிடம் மன்னிப்பு கேட்டு, சட்டையை நானே லாண்டரியில் போட்டு, வாங்கிக் கொண்டுபோயும் கொடுத்தேன். இதற்குப் பெயர்தான் தலைமைப் பண்பு.

அடுத்தது, நெருக்கடியில் நிதானமாக வேலை செய்யும் திறன். தகடு ஏற்றி வந்த லாரி சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்கிறது, டிரைவர் கூப்பிட்டு "சார், முன்னாடி ஒரு பஸ் நிக்குது சார்" என்கிறார். அரை மணி கழித்துக் கூப்பிட்டால் அதே பஸ்தான் நிற்கிறது. அதற்குள் இங்கே தகடு தீர்ந்துபோய் வரிசை நின்றுவிட்டது, கரெண்டும் போய்விட்டது. சரியாக அந்த நேரத்தில்தான் டைரக்டர் நாராயணசாமி வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு, "இதுதான் எங்கள் ஓயாத உற்பத்திக்கூடம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். ஒரு ஈ பறக்கிற சத்தம் கேட்டது அக்கா. நான் நிதானமாகத்தான் இருந்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியாததால் நிதானமாக இருந்தேன்.

மூன்றாவதாக நீ இரண்டு கோடு போட்டிருப்பது, ஊழியர்களோடு கலந்து பழகும் திறன். இதைப் பற்றித்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன். முதல் இரண்டும் சும்மா.

எங்கள் கேண்டீனில் எல்லோரும் நீள பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஜன்னலோரம் தனியாக ஒரு மேஜை, அதற்கு ஒரு விரிப்பு, எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஒன்று உற்பத்தி மேலாளருக்கு, மற்றது துணை மேலாளருக்கு. எல்லோருக்கும் எவர்சில்வர் தட்டு, அந்த மேஜைக்கு மட்டும் பீங்கான். எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. நான் சூப்பர்வைசராக இருந்தவரை பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். பிரஸ் வரிசைக்குப் பொறுப்பான இளவேனில், பாலிஷ் பிரிவு உஷா, நான், இன்னும் நாலைந்து பேர். யார் வீட்டுக் குழம்பு யார் தட்டில் என்று தெரியாது. உஷா கொண்டுவரும் புளியோதரைக்காகவே நான் லீவு போடாமல் இருந்ததுண்டு. போன வருஷம் மேலாளர் டெஸ்மண்ட் சார் ஓய்வு பெற்றார், அவருடைய இடத்தில் என்னைப் போட்டார்கள். மாலை போட்டு, கை தட்டி, கேக் வெட்டி, மறுநாள் மத்தியானம் ஜன்னலோரம் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறேன்.

துணை மேலாளர் பதவி ரொம்ப நாளாகக் காலி என்பதால் எதிர் நாற்காலியும் காலி. அதில் என் ஹெல்மெட்டை வைப்பேன். இங்கே எல்லோருக்கும் மஞ்சள் ஹெல்மெட், மேலாளருக்கு வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் எதிரே யாரோ குனிந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும். ஒருநாள் என்னையறியாமல் அதைப் பார்த்து "ரசம் இன்னிக்கு காரம்" என்று சொல்லிவிட்டேன். சிரிக்காதே.

இந்த ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்பார்கள். சாப்பிட்டாயா என்பதுதான் இங்கே நலம் விசாரிப்பு. காலையில் கேட் செக்யூரிட்டி கேட்பார், கேண்டீன் சிக்கண்ணா தட்டை வைத்துக்கொண்டே கேட்பார், சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரும் கேட்பார். நானும் "ஆயித்து" என்பேன். கேட்காத ஆள் இல்லை அக்கா, கூட உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆள் இல்லை. வீட்டிலும் அதே கதைதான். என் வீட்டுக்காரி ரமா பேரனைப் பார்த்துக்கொள்ள மெல்போர்னுக்குப் போய்விட்டாள். மகன் அஷ்வின் வீடியோவில் கூப்பிடுவான், பேரனைக் காட்டுவான், பேரன் போனைப் பிடுங்கிக் கீழே போடுவான், அப்புறம் நான் அவர்கள் வீட்டு ஃபேனோடு பேசிக்கொண்டிருப்பேன். நல்ல ஃபேன், சத்தமே வராது.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்று காலையில் எழுந்து கத்தரிக்காய் வத்தக்குழம்பு வைத்தேன். நன்றாக வந்துவிட்டது. நன்றாக வந்ததுதான் வினை. இதைத் தனியாகத் தின்பதா என்று ஒரு வீம்பு வந்து, மத்தியானம் பீங்கான் தட்டை விட்டுவிட்டு ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு, நேரே போய் இளவேனிலுக்கும் உஷாவுக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சு நின்றுவிட்டது. அடுத்த பெஞ்சிலும் நின்றது. சிக்கண்ணா கரண்டியோடு அப்படியே நிற்கிறார்.

இளவேனில் மெதுவாகச் சொன்னாள்: "சார், எதுவா இருந்தாலும் நேரா சொல்லிடுங்க சார்."

"ஒண்ணுமில்லம்மா. சாப்பிட வந்தேன்."

"அது தெரியுது சார். எதுக்கு வந்தீங்க?"

நான் சிரித்துச் சமாளித்தேன். இந்தா குழம்பு என்று கிண்ணத்தை நகர்த்தினேன். யாரும் தொடவில்லை. சகஜமாகப் பேசலாமே என்று உஷாவிடம், "வீட்டுல இப்ப சம்பாதிக்கிறது யாரு யாரு?" என்று கேட்டேன். அவள் மகனுக்கு வேலை கிடைத்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், அவள் முகம் வெளுத்துவிட்டது. சரி, பேச்சை மாற்றலாம் என்று, "இந்த பெஞ்செல்லாம் பழசாயிடுச்சு இல்ல?" என்றேன். கடைசி வரிசையில் யாரோ எழுந்து நின்றார்கள். எல்லோரும் பயந்துபோயிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று சத்தமாகச் சொன்னேன்: "யாரும் பயப்பட வேணாம். யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க."

அவ்வளவுதான். டெஸ்மண்ட் சார் தன் காலத்தில் இரண்டே தடவை அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறார். முதல் தடவை நைட் ஷிப்ட் வருகிறது என்று சொல்ல. இரண்டாவது தடவை, பெயின்ட் பிரிவை மூடுகிறோம் என்று சொல்ல. அப்போது நானே பக்கத்தில் இருந்தேன், எனக்கே அன்று சோறு இறங்கவில்லை. அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை, குழம்பு வாசனையில் மறந்திருப்பேன். மணியடித்தும் மெஷின் பக்கம் யாரும் போகவில்லை. தொழிலாளர் சங்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தொழிற்சாலையை ஓசூருக்கு மாற்றுகிறார்களாம் என்று ஒரு பேச்சு. அதைக் கேட்டுவிட்டு வாசலில் டீ விற்கிறவர் வந்து, "அங்க எனக்கு எடம் உண்டா சார்?" என்கிறார். டைரக்டர் போனில் "என்ன அறிவிச்சீங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் அறிவிக்கல சார், சாப்பிட்டேன்" என்றேன். "எதுக்கு அங்க போய் சாப்பிட்டீங்க?" என்றார். அதற்குப் பதில் இருந்தது, ஆனால் டைரக்டரிடம் போனில் சொல்லக்கூடிய பதிலாக இல்லை.

கடைசியில் நோட்டீஸ் பலகையில் கன்னடத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒட்டினோம்: 'உற்பத்தி மேலாளர் வெள்ளிக்கிழமை மதியம் பெஞ்சில் அமர்ந்தது உணவு உண்பதற்காக மட்டுமே. இதற்கு வேறு எந்த நோக்கமும் இல்லை.' கீழே என் கையெழுத்து, கம்பெனி முத்திரை. இத்தனை வருஷம் வேலை பார்த்ததற்கு எனக்குக் கிடைத்த சான்றிதழ் இதுதான் அக்கா.

ஷிப்ட் முடிந்ததும் இளவேனில் என் அறைக்கு வந்தாள். குழம்புக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். வெறும் கிண்ணமாகத் தரக்கூடாது என்று உள்ளே ஒரு துண்டு வெல்லம்.

"கொழம்பு நல்லா இருந்துச்சு சார். அப்புறமா எல்லாரும் சாப்ட்டோம். ஆனா இனிமே அப்படி வந்து உக்காராதீங்க சார்."

"ஏம்மா? நான் அதே சந்திரன்தானே?"

"நீங்க அதேதான் சார். ஆனா நாங்க சாப்பிட உக்காந்ததும் மொதல்ல ஜன்னல் பக்கம் பாப்போம். நீங்க அங்க தனியா உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தா, இன்னிக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லன்னு அர்த்தம். நிம்மதியா சாப்பிடுவோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பிரியமாகச் சொன்னாள். அவள் போன பிறகு கதவைச் சாத்தினேன். வெல்லத்தைத் தின்றேன். அழவில்லை, கண் கரித்தது, அவ்வளவுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மெஷின் தெரிய வேண்டும், கணக்கு தெரிய வேண்டும், நாலு பேரை அதட்டவும் அரவணைக்கவும் தெரிய வேண்டும். சிந்துவுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். விளம்பரத்தில் போடாதது ஒன்று இருக்கிறது. எல்லோரும் பார்க்கிற இடத்தில், எல்லோரும் நிம்மதியாக இருப்பதற்காக, தினமும் தனியாக உட்கார்ந்து சாப்பிடத் தெரிய வேண்டும். எனக்கு இன்னும் அது வரவில்லை. சிந்து சின்ன வயதிலிருந்தே சாப்பிடும்போது பேசிக்கொண்டே இருக்கிறவள், நீ எத்தனை தடவை அதட்டியிருப்பாய். நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலி அவளுக்கு வரும். எதிரே அவளும் ஒரு ஹெல்மெட்டை வைத்துக்கொள்ள வேண்டுமா? ஓசூரிலேயே இருக்கட்டும். பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேர் டப்பாவில் கை போட்டுச் சாப்பிடட்டும். எனவே அனுப்பாதே என்று மறுபடியும் உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

மாமாவின் முழங்காலுக்கு என் அன்பைத் தெரிவிக்கவும். சிந்துவுக்கு ஆசீர்வாதம். உன் பாதங்களுக்கு நமஸ்காரம். எழுத்துப் பிழை இருந்தால் மார்க்கைக் குறை, கடிதத்தைத் திருப்பி அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் தம்பி,
சந்திரன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். எழுதியது எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் அவளை அனுப்பு அக்கா. இதை முதலில் அவளிடமே படிக்கக் கொடு, மறைக்காதே. படித்துவிட்டு வேண்டாம் என்றால் விட்டுவிடு. படித்தும் வருகிறேன் என்றால் தடுக்காதே. அஷ்வின் அறையை ஒழித்துவிட்டேன், கட்டிலில் குவிந்திருந்த பழைய துணியெல்லாம் போயாயிற்று. துணை மேலாளர் அந்த மேஜையில் உட்கார்ந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள், அது அவளுடைய நாற்காலிதான், இளவேனிலைக் கேட்டும் பார்த்துவிட்டேன். நேற்று அரை நாள் வேலை. சாப்பிட உட்காரும்போது ஹெல்மெட்டை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தேன். சிக்கண்ணா பார்த்துவிட்டு, "யார் பர்த்தாரே சார்?" என்று கேட்டார். யார் வரப்போகிறார்கள் என்று கேட்கிறார். இன்னும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன், இரண்டாவது பீங்கான் தட்டைத் தேடி எடுத்துக் கழுவி வைத்திருக்கிறார்.