ஒத்தை ஆளாய் மணப்பாடு

“ஒரு ரெண்டரை வயசுப் பிள்ளையத் தூக்கிட்டு பஸ்ல போயிட்டு வந்ததுக்கு, என்னமோ கப்பலையே தலையில சுமந்துட்டு வந்தவ மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியே, ஊர்ல மத்த பொம்பளைய எல்லாம் பிள்ளையோட பஸ் ஏறுறதே இல்லையா?”

ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் வீட்டுக்காரர் சுந்தரராஜ் சொன்னது. அவர் சோபாவில் படுத்திருந்தார். நான் கன்னியாகுமரியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இடுப்பில் ஜோவின். ஒரு தோளில் பால் பாட்டில் பை, மறு தோளில் ஈரத்துணிப் பை. வழியில் ஜோவின் என்னென்ன சாப்பிட்டான் என்பதை யாரும் கேட்க வேண்டியதில்லை. என் முந்தானையைப் பார்த்தாலே போதும்.

கன்னியாகுமரி போகலாம் என்று சொன்னதே அவர்தான். கிளம்புகிற அன்று காலையில், “கப்பல் வந்துட்டுளா” என்றார். அவருக்குத் தூத்துக்குடி ஹார்பரில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை. அவருக்குப் போகப் பிடிக்காத இடத்துக்கு நான் கிளம்பினால் போதும், எந்த தேசத்திலிருந்தாவது ஒரு கப்பல் வந்து நிற்கும். என் தம்பி கல்யாணத்துக்கு ரெண்டு வந்தது.

ஆகவே நானும் பிள்ளையும் மட்டும் பஸ் பஸ்ஸாக மாறி லீவு கொண்டாடினோம். ஜன்னலோர சீட் வேண்டும் என்று அழுவான். கிடைத்ததும் ஒற்றைச் செருப்பை வெளியே போடுவான். பிறகு அந்தச் செருப்புக்காக அழுவான். பக்கத்து சீட்டுக்காரியின் பூவைப் பிய்ப்பான். அவளும் சிரித்துக்கொண்டே, “பேரனாக்கா?” என்பாள். மூத்தவள் ஜெனிலா பாளையங்கோட்டையில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவளை அனுப்பிவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தபோது, என் நாற்பத்துநாலு வயதில் பிறந்தவன் இவன். “மகன்” என்று நான் சொன்னதும் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

“கஷ்டம்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா?” என்று கேட்டேன்.

“மூஞ்சி சொல்லுதே.”

“மூஞ்சிய விடுங்க, பிள்ளையப் பிடிங்க.”

“டவுன் பஸ்ல பொம்பளையளுக்கு டிக்கெட்டே கிடையாது. ஏறி உக்காந்தா இறக்கி விடப் போறான். இதுல என்ன கஷ்டம்ங்கேன்? அடுத்த மாசம் கொடைக்கானலுக்கும் அவனைத் தூக்கிட்டுப் போ. குளிர்ல நல்லாத் தூங்குவான்.”

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. கான்வென்ட்டில் ஒன்றாகப் படித்த நாங்கள் எட்டுப் பேர், முப்பது வருஷம் கழித்து, மூன்று நாள் கொடைக்கானல் போவதாக ஏற்பாடு. ஒரே ஒரு நிபந்தனைதான். புருஷன், பிள்ளை யாரும் வரக்கூடாது. ஏரி வேண்டாம், பனி வேண்டாம், எனக்கு ஒரு டீ போதும். சூடான டீயைச் சூடாகவே குடித்து எனக்கு ரெண்டரை வருஷமாகிறது.

“ஒருநாள் நீங்க கூட்டிட்டுப் போய்ப் பாருங்களேன்” என்றேன். “பைக் கூடாது. ஆட்டோ கூடாது. உங்க தங்கச்சி துணைக்கு வரக்கூடாது. திருச்செந்தூர்ல பஸ் மாறி மணப்பாடு கோயிலுக்குப் போயிட்டு வாங்க பாப்போம்.”

“மணப்பாடு என்னளா, மதுரைக்கே போவேன்.”

“அவன் அழாம இருந்துட்டா?”

“லேசுதான்னு ஆயிட்டுல்லா. நீயும் வாயை மூடிக்கிட்டு அவனைத் தூக்கிட்டுக் கொடைக்கானல் போகணும்.”

“அழுது, பாதியில திரும்பிட்டீங்கன்னா?”

“பிள்ளை தாயைத் தேடுதுன்னு அர்த்தம். தேடுத பிள்ளைய விட்டுட்டு நீ எப்படிப் போவ?”

பார்த்தீர்களா? ஜெயித்தாலும் பிள்ளை என் இடுப்பில். தோற்றாலும் என் இடுப்பில். கன்டெய்னர் ஏற்றி இறக்கும் ஆபீஸில் இருபது வருஷம் சும்மா இருந்திருக்க மாட்டார்.

ஆனால் அந்த மனிதரோடு இருபத்துமூன்று வருஷம் குடும்பம் நடத்திய எனக்கு ஒன்று தெரியும். தோற்றால் படுத்துக்கொள்வார். ஜெயித்தால் சும்மா இருக்கவே மாட்டார். ஊரைக் கூட்டிவிடுவார். ஆகவே அவர் ஜெயிக்க வேண்டும். அதுவும் சும்மா ஜெயித்தால் போதாது, ஒரு பொட்டுக் கண்ணீர் சிந்தாத பிள்ளையோடு ராஜா மாதிரி திரும்பி வர வேண்டும்.

ஜெயஷீலாவுக்குப் போன் போட்டேன். எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தி. மஸ்கட்டில் குழந்தைகள் வார்டில் நர்ஸ். கொடைக்கானலுக்காகவே லீவு போட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

“ஏட்டி, உன் வீட்டுக்காரருக்கு என்னை அடையாளம் தெரிஞ்சிரும். உன் கல்யாணத்துக்கு வந்தேன்லா?”

“கல்யாணத்துல அவரு என்னையே பாக்கல. பந்தியத்தான் பாத்தாரு.”

“சரி, நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம். அவரு ஏறுத பஸ்ல, பொம்பளைய பக்கம் ஒரு சீட்டுல போய் உக்காரு. அவராக் கொண்டுவந்து நீட்டுவாரு.”

நம் ஊர் பஸ்ஸில் பிள்ளையோடு நிற்கிற ஆணைப் பார்த்தால், உட்கார்ந்திருக்கும் பெண்கள் பத்துப் பேர் கையை நீட்டுவார்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை. நீட்டுகிற பத்துக் கையில் முதல் கை ஜெயஷீலாவுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை. இவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் போனுமாகக் கிளம்பினார்.

“மாத்துத் துணி?”

“எதுக்கு?”

“துண்டு? பிஸ்கட்?”

“ஏளா, நான் பாத்துக்கிடுவேன். உன்னை மாதிரி வீட்டையே காலி பண்ணிட்டா போவாங்க?”

நான் மறுபேச்சுப் பேசவில்லை. மாற்றுத் துணி, துண்டு, பிஸ்கட் எல்லாவற்றையும் முந்தின நாளே ஜெயஷீலாவிடம் கொடுத்தாயிற்று. பிள்ளையின் துணி எது என்று இவருக்கு அடையாளம் தெரிந்துவிடுமோ என்ற பயம் எனக்குத் துளியும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் இவருடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது. “முள்ளக்காடு தாண்டியாச்சு. உப்பளத்தைக் காட்டிக்கிட்டு வாரேன். சிரிக்கான். பிள்ளைய வச்சிக்கிடுத விதத்துல இருக்கு எல்லாம்.”

பின்னாலேயே ஜெயஷீலாவின் போன். “ஏட்டி, உன் ஆளு பின்படிகிட்ட கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்ன வாக்குல தூங்குதாரு. பிள்ளை ஏறின மறுநிமிஷமே என் மடிக்கு வந்துட்டான். உப்புக் குவியலப் பாத்துட்டு ‘சோறு, சோறு’ன்னு கத்துதான். பஸ்ஸ நிறுத்தணுமாம். கண்டக்டருக்கே சிரிப்பு தாங்கல.”

திருச்செந்தூர் வரை இப்படியே நடந்தது. பஸ் ஸ்டாண்டில்தான் வந்தது வினை. இறங்கும்போது ஜெயஷீலா பிள்ளையை இவரிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமே? கொடுத்தாள். ஜோவின் ஒரு தடவை அப்பா முகத்தைப் பார்த்தானாம். உடனே தரையில் விழுந்து புரண்டு அழுதானாம். சுண்டல் விற்கிற அம்மா ஒருத்தி, “பேரன் ஆச்சியத் தேடுதான் போல, அண்ணாச்சி” என்றாளாம்.

ஜெயஷீலா உடனே எனக்குப் போன் போட்டாள். “ஏட்டி, ஆளு தூத்துக்குடி பஸ் நிக்கிற பக்கமா நடக்காரு!”

எனக்குக் கொடைக்கானல் மலை அப்படியே சரிந்து கடலில் விழுந்தது.

“விடாத! குறுக்க போய் நில்லு!”

“மறுபடியும் போனா சந்தேகப்பட மாட்டாரா?”

“அவரா? நீ போ ஏட்டி!”

அவள் போய், “அண்ணாச்சி, மணப்பாடு கோயிலுக்கு எந்த பஸ்ல ஏறணும்?” என்று கேட்டிருக்கிறாள். இவர் பஸ்ஸைக் காட்டவில்லை. பிள்ளையைத்தான் நீட்டினாராம். “நானும் அங்கதாம்மா போறேன். கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க. உங்ககிட்ட நல்லா இருக்கான் பாருங்க.”

அதற்கப்புறம் நாள் முழுக்க இவர் ஒத்தை ஆள்தான். ஜெயஷீலா ஒத்தை ஆளாய்ப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். இவர் ஒத்தை ஆளாய் மணலில் படுத்துக்கொண்டார். நனைந்த டவுசரை மாற்றி, அவள் தன் பையிலிருந்து கச்சிதமாக அவன் அளவுக்கே ஒன்றை எடுத்துப் போட்டபோது, இவர் கேட்ட ஒரே கேள்வி: “பிஸ்கட் ஏதும் இருக்காம்மா?”

மத்தியானம் எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் படம் வந்தது. பின்னால் கடல், மேட்டில் கோயில், கூலிங் கிளாஸோடு இவர், தோளில் சிரிக்கிற ஜோவின். கீழே, ‘ஒத்தை ஆளாய் மணப்பாடு! ஒரு பொட்டு அழுகை இல்லை. என்கூட இருந்தால் இவன் அம்மாவைத் தேடவே மாட்டான்’ என்று எழுதியிருந்தார். படத்தில் அப்பாவும் இருக்கிறார், பிள்ளையும் இருக்கிறான். அப்படியானால் எடுத்தது யார் என்று குரூப்பில் ஒருத்தரும் கேட்கவில்லை. கைதட்டல், இதயம், பூச்செண்டு என்று கொட்டியது.

சாயங்காலம் வந்து அதே சோபாவில் விழுந்தார்.

“பாத்தியா? இதுக்குப் போயி அன்னைக்கு என்னா ஆட்டம் ஆடின!”

ஒரு நியாயம் வேண்டும் அல்லவா? ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்.

“நெசமாச் சொல்லுங்க. வழியில யாரும் உதவி செய்யலையா?”

“யாரு செய்வா? ஒத்தை ஆளு!”

“இந்த டவுசரு?”

குனிந்து பார்த்தார். “மணப்பாட்டுல வாங்கினேன்.”

போன மாசம் நானே தைத்த கிழிசல் அதில் அப்படியே இருந்தது. ஜோவின் வாசலைப் பார்த்துக் கையைக் காட்டி, “ஆன்ட்டி எங்கப்பா? ஆன்ட்டி வேணும்” என்றான். இவர் அவசரமாக அவன் வாயில் ஒரு மக்ரூன் இனிப்பைத் திணித்தார். பொய் சொல்வது பாவம் என்று கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களுக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். உண்மையைச் சொல்லாமல் சும்மா இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் சும்மா இருந்தேன். குரூப்பில் மட்டும் எழுதினேன்: ‘கொடைக்கானல் போகும்போது ஜோவினை யாரிடம் விடுவது என்று கவலையாக இருந்தது. இனி இல்லை.’

அவர் தங்கச்சிதான் முதலில் பாய்ந்து வந்தாள். “மைனி, நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க. எங்கண்ணன் இருக்கான்!” அவருடைய சித்தப்பா, “சபாஷ் மருமகளே, தைரியமா விட்டுட்டுப் போ” என்றார். ஹாஸ்டலிலிருந்து ஜெனிலா, “அப்பா சூப்பர்” என்றாள். புகழ்ச்சி மயக்கத்தில் இருந்த இவர், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே எல்லாவற்றுக்கும் கட்டை விரலை உயர்த்திக்கொண்டிருந்தார். படித்தபோது பொழுது நன்றாக இருட்டிவிட்டது.

“ஏளா... நீ அவனைக் கூட்டிட்டுப் போறதாத்தானே பேச்சு?”

“எப்படிங்க? உங்ககூட இருந்தா அம்மாவையே தேட மாட்டான்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? என்கூட வந்தா உங்களைத் தேடிருவானே.”

“அந்த வாரம் ஒரு கப்பல் வருது.”

“வரட்டுமே. பிள்ளையத் தூக்கிட்டு மணப்பாடே போயிட்டு வந்தாச்சு. ஹார்பர் எம்புட்டு தூரம்?”

அவர் வாயைத் திறந்தார். உள்ளே ஒரு உண்மை புறப்பட்டுத் தொண்டை வரைக்கும் வந்தது என் கண்ணுக்கே தெரிந்தது. அதை வெளியே விட்டால் அத்தனை பூச்செண்டும் போய்விடும். மூடிக்கொண்டார்.

கொடைக்கானல் நன்றாக இருந்தது. டீ சூடாக இருந்தது. முதல் நாள் இவரிடமிருந்து ‘எல்லாம் ஓகே’ என்று வந்தது. ரெண்டாம் நாள் காலையில் ‘ஓகே’ என்று மட்டும். பிறகு, ‘அவன் நீல டவுசர் எங்க?’, ‘எந்த டவுசராவது எங்க?’ என்று வர ஆரம்பித்தது. நான் பதிலுக்கு, ஏரிக்கரையில் எட்டுப் பேரும் தோளில் கைபோட்டு நின்ற படத்தை அனுப்பினேன். எனக்குப் பக்கத்தில் ஜெயஷீலா, மணப்பாட்டுக்குப் போட்ட அதே பச்சை சுடிதாரில்.

பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. நாங்கள் படகில் ஏறிய பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஜெயஷீலா என் போனைப் பிடுங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தாள். எட்டுப் பேர் வாயிலும் சுட்ட சோளக்கதிர் இருந்தது. முதலில் ஜோவினின் அலறல். எதுவோ உடைகிற சத்தம். அப்புறம், இருபத்துமூன்று வருஷத்தில் நான் கேட்டே இராத பணிவான ஒரு குரல்:

“ஏளா, நீ இன்னும் மூணு நாள் இருந்துட்டுக்கூட வா... அந்தப் பச்சை சுடிதார் தங்கச்சிய மட்டும் இன்னைக்கே பஸ் ஏத்தி விடுதியா?”